குதிரைக்கு முழு டிக்கெட்

ஸ்ரீ:

சின்ன காஞ்சிபுரம்,
2003 நவம்பர், ஞாயிற்றுக்கிழமை.

சிரஞ்சீவி ஸிந்துஜாவுக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். வரதன் கிருபையில் நானும் அப்பாவும் இங்கே ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் அந்த டொரண்டோ குளிரில் காதுக்குத் துணி கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாய் என்று உன் கையால் எழுதிப் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி. போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஃபைன் என்கிறாய். இங்கே தீபாவளி கழிந்ததிலிருந்து மழை விடவில்லை, துணி காயவில்லை, அப்பாவுக்கு முழங்கால் வலி, தைலம் தேய்க்கிறேன், தேய்க்கிற நேரத்தில் மட்டும் வலிக்கவில்லை என்கிறார். நீ கேட்ட கேசட் இந்தப் பார்சலில் இருக்கிறது, சாம்பார் பொடியும் உப்பு நாரத்தங்காயும் அதற்குக் கீழே. கேசட்டைப் போட்டுக் கேட்பதற்கு முன்னால் இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படித்துவிடு. அதில் பேசுவது எதிர்வீட்டு அம்சவேணி, இதில் பேசுவது நான். எனக்கு அவள்மேல் பொறாமை. மூடி மறைத்து எழுத எனக்கு வராது, ஆயுசு முழுக்க போர்டில் கணக்குப் போட்டவள், விடை என்னவோ அதைத்தான் எழுதுவேன்.

உன் பேட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா குடையை மறந்துவிட்டு ஓடிப்போய் இங்கிலீஷ் பேப்பர் வாங்கி வந்தார். அரைப் பக்கத்துக்கு உன் படம். தலையைப் பின்னியிருக்கலாம், போகட்டும். அந்த நிருபர் பெண், இந்த மாதிரிக் கதைக்கெல்லாம் வித்து எங்கே விழுந்தது என்று கேட்டிருக்கிறாள். நீ என்ன சொன்னாய்? எங்கள் எதிர்வீட்டில் அம்சவேணி அக்கா என்று ஒருத்தி, தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டே கதை சொல்லுவாள், கோயில் குதிரை பஸ் ஏறிய கதை அவளிடம் கேட்டதுதான், என் நாவல் அவள் வாசலில் பிறந்தது என்று சொன்னாய். சரி, சொல்லிக்கொள். அடுத்த வரிதான் என்னைக் கொன்றது. என் அம்மா கணக்கு டீச்சர், கற்பனைக்கும் அவளுக்கும் தூரம் அதிகம் என்றாய். தமிழில் படித்துச் சொல்லிக்கொண்டு வந்த அப்பா அந்த வரியை விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தார். எனக்கு இங்கிலீஷ் சரளமாக வராதுதான், அதற்காக மேத்ஸ் டீச்சர் என்று போட்டிருப்பது கண்ணில் படாதா, திரும்பப் படியுங்கோ என்றேன். சுமந்து பெற்றவள் நான், பேப்பரில் பேர் அவளுக்கு. என் பேரைக்கூட நீ சொல்லவில்லை. மங்கை, மூன்றே எழுத்து, அரைப் பக்கத்தில் அதற்கு இடமா இல்லை.

அம்சவேணிக்கு இங்கிலீஷில் ஏ என்றால் எந்தப் பக்கம் நிற்கும் என்று தெரியாது. பட்டுக்கடையில் யாரோ படித்துச் சொல்லப்போய் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மாதர் சங்கத்தில் கூட்டம் போட்டு, எழுத்தாளரை உருவாக்கியவர் என்று மைக்கில் சொல்லி அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள். எனக்கும் அழைப்பு வந்தது, நாற்காலி நிரம்ப வேண்டுமே. பின்னால் உட்கார்ந்து கை தட்டினேன், தட்டாவிட்டால் அதையும் ஒரு பேச்சாக்குவார்கள். கூட்டம் முடிந்ததும் அவள் சால்வையோடு நேரே என்னிடம் வந்து, எனக்கு ஒண்ணுமே பிரியல டீச்சரம்மா, எதுக்கு இதெல்லாம் போட்றாங்க, பாப்பா நல்லா இருக்குதா என்று கேட்டாள். ஒன்றும் புரியவில்லையாம். நடிப்பைப் பார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து மோரை இரண்டு டம்ளர் குடித்தேன், அப்போதும் எரிச்சல் அடங்கவில்லை.

உன் புத்தகத்தை அப்பா தினமும் விளக்கு வைத்த பிறகு எடுக்கிறார். ஒரு பத்தியை மனசுக்குள் படித்துவிட்டுத் தமிழில் சொல்லுவார், நான் உம் கொட்ட வேண்டும். ஒரு உம் தவறினால் புத்தகத்தை மூடிவிடுவார், நீ முழிச்சிண்டிருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும் என்பார். அட்டையில் போட்டிருக்கிறதே அர்பன் ஃபேன்டஸி, அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். பட்டணத்து நடுவில் மாயம் நடக்கிற கதை என்றார். இதற்குத் தனியாக ஒரு பேரா. கருடசேவை அன்றைக்கு வேலூர் பஸ்ஸே ஓரமாக நின்று பெருமாளுக்கு வழி விட்டுவிட்டுத்தானே போகிறது, நம் ஊரில் அதற்கு யாரும் பேர் வைக்கவில்லையே என்றேன். அப்பா சிரித்துவிட்டு மேலே சொன்னார். உற்சவம் முடிந்த மரக்குதிரை ஒன்று, வாகன மண்டபத்து இருட்டுக்குத் திரும்ப மனசில்லாமல், பனி கொட்டுகிற ஊரில் ஒரு ட்ராமில் ஏறுகிறது. கண்டக்டர் பெண் டிக்கெட் கேட்கிறாள். அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று குதிரைக்குக் குழப்பம். நாலு கால் இருக்கிறதே, முழு டிக்கெட்தான், கணக்குப்படி பார்த்தால் இரண்டு வாங்க வேண்டும் என்கிறாள் அவள்.

எனக்கு உம் வரவில்லை, அப்பா புத்தகத்தை மூடிவிட்டார். ஸிந்து, அது நான் சொன்னது. நீ ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து அந்தக் கதையைச் சொன்னாய். அப்போது அது ட்ராம் இல்லை, பாலுசெட்டிச்சத்திரம் போகிற பஸ். நான் அரிசி களைந்துகொண்டே உம் கொட்டினேன். குதிரைக்கு அரை டிக்கெட்டாம்மா முழு டிக்கெட்டாம்மா என்று நீ கேட்டாய், நான்தான் நாலு காலைக் கணக்குப் பண்ணிச் சொன்னேன். அப்பாவை அந்த இடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னேன், போதும்டி, அவளுக்கு அது ஞாபகமில்லை, விடு என்றார். விடுவதா. என் வாயிலிருந்து வந்த வார்த்தை அட்டை போட்ட புத்தகத்தில் ஏறிக் கடல் தாண்டி நிற்கிறது, சால்வை எதிர்வீட்டுக் கொடியில் காய்கிறது. கற்பனைக்கும் எனக்கும் தூரமாம்.

பேட்டியில் நீ எழுதுகிற விதத்தைப் பற்றியும் இருந்தது. முதலில் பேனாவைத் தொட மாட்டாயாம். ட்ராமில் கடைசி நிறுத்தம் வரை போய்ச் சும்மா வேடிக்கை பார்த்துவிட்டு வந்து, சமையலறைச் சுவருக்கு எதிரே நின்று அத்தியாயம் முழுவதையும் வாயால் சொல்லுவாயாம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நீயே உம் கொட்டிக்கொள்வாயாம், உம் வராத இடத்தை விட்டுவிடுவாயாம், இந்த உம்முக்கு இங்கிலீஷில் வார்த்தை கிடைக்கவில்லை என்றும் சொல்லியிருந்தாய். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கதை சொல்கிறவளே உம்மும் கொட்டிக்கொள்வதாவது, அம்மா குத்துக்கல்லாட்டம் இங்கே இருக்கும்போது. அப்புறம்தான் உன் போன் வந்தது. இரண்டாவது புத்தகம் பாதியில் நின்றுவிட்டது, பதிப்பாளர் கெடு வைத்துவிட்டார், என்ன சொன்னாலும் உம் வரவே மாட்டேன் என்கிறது, இனிமேல் எனக்குக் கதையே வராதோ என்று பயமாயிருக்கிறதும்மா என்றாய். உன் குரல் உடைந்திருந்தது. அம்சவேணி அக்காவைக் கதை சொல்லச் சொல்லி டேப்பில் பிடித்து அனுப்பும்மா, அவள் குரலைக் கேட்டால் எனக்கு வந்துவிடும் என்றாய். என் குரல் கேட்டால் வராதா என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. லைன் கட்டாகிவிட்டது என்று நீ நினைத்திருப்பாய், நான்தான் வைத்தேன்.

மழையைச் சாக்குச் சொல்லிக் கொஞ்ச நாள் கடத்தினேன். ஆனால் பல் தேய்க்கும்போதுகூட நீ சுவரைப் பார்த்து நிற்பதுதான் கண்ணில் தெரிந்தது. கடைசியில் அப்பா உபன்யாசம் கேட்கிற டேப் ரிக்கார்டரைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். வாயைத் திறக்கக் கூடாது, அவள் கேசட்டில் என் குரல் எதற்கு என்ற வைராக்கியத்தோடு போனேன். அவள் ராட்டையை நிறுத்திவிட்டு, இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி நின்றது. யாராச்சும் உம் கொட்டினாதாம்மா எனக்கு வரும், இல்லன்னா பொட்டியாண்ட பேசிக்கினு இருக்கிற மாரி இருக்குது என்றாள். வேறு வழி? எனக்கு ஆகாதவளுக்கு நானே உம் கொட்டினேன். கேட்டுப் பார், பல்லைக் கடித்துக்கொண்டு கொட்டின உம் அதில் வரிசையாக இருக்கிறது.

ஆற்றோர முனி கதையும், மாமியாரைப் பூனையாக்கின மருமகள் கதையும் சொன்னாள். நன்றாகத்தான் சொல்கிறாள், அதுவும் ஒரு வயிற்றெரிச்சல். முடித்ததும் நான், எல்லாம் சரி, அந்தப் பஸ் ஏறின குதிரை கதையைச் சொல்லு, அதைத்தானே பேப்பரில் போட்டிருக்கு என்று குத்தலாகவே கேட்டேன். அவள் கண்ணை அகல விரித்தாள். அது என்னுது இல்லயே டீச்சரம்மா, பாப்பாவோட கதையாச்சே, அது சொல்லிக்கினு இருக்கும், நான் தார் சுத்திக்கினே உம் கொட்டுவேன், அவ்ளோதான், நான் எங்க சொன்னேன் என்றாள். எனக்கு உள்ளே மத்தாப்புக் கொளுத்தின மாதிரி ஆயிற்று. அப்போ முதலில் கேட்டது நான்தான் என்றேன். ஆமாம்மா, பாதி கதைய உங்க வூட்லயே சொல்லிட்டுதான் வரும், நீங்க போதும்டி போய் கணக்கு போடுன்னுடுவீங்களாம், மீதிய தூக்கிக்கினு இங்க ஓடியாரும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்லியிருந்தால் உலை பொங்கியிருக்கும், உன் அப்பா ஆபீசிலிருந்து வரும் நேரம், யார் பார்ப்பது.

எழுந்து வந்திருக்கலாம், மனசு கேட்கவில்லை. குதிரை எங்கேதான் இறங்கிற்று என்று கேட்டேன். அப்பா வாசிப்பு அதுவரைக்கும் வரவில்லை, நீ என்னிடம் சொன்னதும் இல்லை. திருப்புட்குழி ஸ்டாப்பிங்லதாம்மா, அங்க கோயில்ல ஒரு குதிரை இருக்குதே, அது இதுக்கு அக்கா, அக்காவ பாக்கத்தான் பஸ் ஏறிச்சு என்றாள். அக்கா கேக்குது, யாராண்ட சொல்லிட்டு வந்தேன்னு. யாராண்டயும் சொல்லல, சொன்னா போவாதன்னுவாங்கன்னு இது அழுவுது, கதைல அந்த எடம் வந்தப்பல்லாம் பாப்பாவும் அழுதுடும் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கடைசி அத்தியாயத்தைப் பிரிக்கச் சொன்னேன். நடுவில் இத்தனை பக்கம் இருக்கேடி என்றார். பிரியுங்கோ என்றேன். வாயில் நுழையாத ஏதோ நிறுத்தத்தில் குதிரை இறங்குகிறது, அங்கே மியூசியத்தில் கண்ணாடிக்குள் அதன் அக்கா நிற்கிறாள், யாரிடம் சொல்லிவிட்டு வந்தாய் என்று கேட்கிறாள். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். இங்கிலீஷ் எழுத்தே தெரியாத அம்சவேணிக்கு உன் புத்தகத்தின் முடிவு நீ பாவாடை கட்டின நாளிலிருந்து தெரியும். எனக்குப் போன வியாழக்கிழமைதான் தெரிந்தது. டிக்கெட் வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றினவள் நான், இறங்குகிற இடத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். சால்வையை அவளே வைத்துக்கொள்ளட்டும், பேப்பரில் பேரும் அவளுக்கே இருக்கட்டும், அதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். நீ அழுத இடத்தில் உம் கொட்டினது அவள் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அதனால் ஒரு காரியம் செய்திருக்கிறேன். கேசட்டின் மறுபக்கம் காலி. அவளிடம் இன்னும் கதை இருந்தது, நான்தான் டேப் தீர்ந்துபோச்சு என்று சொல்லிப் பொத்தானை அமுக்கிவிட்டேன். கதை அவளிடம் இல்லை, உன்னிடம்தான் இருக்கிறது என்று அவளே சொல்லிவிட்டாள், அப்புறம் அவளை எதற்குப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாய். அந்தப் பக்கத்தில் நின்றுபோன உன் புத்தகத்தைச் சொல்லி எனக்கு அனுப்பு. எங்கே நின்றதோ அந்த இடம் வரைக்கும் சொல், தமிழிலேயே சொல், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விடு. அந்த இடத்தில் நான் இங்கே உம் கொட்டுவேன். உனக்குக் கேட்காதுதான், ஆனால் யாரோ கொட்டுகிறார்கள் என்று உனக்குத் தெரியுமில்லையா, அது உன் சுவரைவிட மேல். சந்தேகம் வந்தால் அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று கேள், கணக்கு எனக்கு நன்றாக வரும்.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, ட்ராமில் கடைசி நிறுத்தம் வரை போகிறவள் இருட்டுவதற்குள் திரும்பிவிடு. நாரத்தங்காயை ஈரக் கையால் எடுக்காதே. பெருந்தேவித் தாயார் துணை இருந்து உன் வாயில் வார்த்தையும் கையில் எழுத்தும் வற்றாமல் பார்த்துக்கொள்வாள், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். கேசட்டை அனுப்பும்போது கவரில் என் பேரை முழுசாக எழுது, பழக்க தோஷத்தில் எதிர்வீட்டு நம்பரைப் போட்டுவிடாதே. வந்ததும் சமையலறை வாசற்படியில், நீ உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து கேட்பேன். குதிரை இறங்குகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன், உலை பொங்கினால் பொங்கட்டும்.

இப்படிக்கு,
உம் கொட்டக் காத்திருக்கும் உன் அம்மா,
மங்கை.