முன்பக்கத்துப் பச்சைப் பலகை

டார்பி கோவ், நியூஃபவுண்ட்லாந்து
நவம்பர் கடைசி ஞாயிறு

அன்பு மகள் ரொவீனாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் அடுப்புப் பக்கத்தில் கதகதப்பாக இருக்கிறோம், மேலே இருப்பவர் புண்ணியத்தில் விறகுக்கும் குறைவில்லை. அங்கே ஆல்பர்ட்டாவில் இப்போதே பனி முழங்காலுக்கு வந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னான், நீ எண்ணெய் வயலில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு அரைத் தூக்கத்தில் வண்டி ஓட்டாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறாள். அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றி எப்படிப் பேசுவது? அதனால்தான் இந்தக் கடிதம். காலில் பனி தாக்கி அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தது உனக்குத் தெரியும். அது எப்படி நடந்தது என்பதை நான் இன்னும் உனக்குச் சொல்லவில்லை.

கடல் பக்கத்துச் சுவரில் பலகை உளுத்துப் படுக்கையறைக்குள் பூசணம் வந்ததையும், அம்மாவின் இருமல் நிற்காததையும் கோடையில் வந்தபோது நீயே பார்த்தாய். சுவரைச் சரிசெய்யாமல் மருந்து கொடுத்துப் புண்ணியமில்லை என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வீட்டைச் சுற்றிலும் வெளிப்பலகை மாற்றுவது என்று முடிவான பிறகு எதைப் போடுவது என்பதில்தான் எனக்குக் குழப்பம். மரம் போட்டால் சில வருஷத்துக்கு ஒருமுறை வர்ணம் அடிக்க வேண்டும், ஏணியில் ஏற இனி என் முழங்கால் இடம் கொடுக்காது. சிமெண்ட் பலகை கனம், வீட்டின் பழைய மரச்சட்டம் தாங்குமா என்று தச்சன் ஹெட்லி பார்டி சந்தேகப்பட்டான். வினைல் என்கிற பிளாஸ்டிக் பலகை என்றால் ஒருமுறை மாட்டினால் தீர்ந்தது என்று நீயும் சொன்னாய், ஊரில் பாதிப் பேர் அதைத்தான் போட்டிருக்கிறார்கள். அம்மாவின் பச்சை உனக்கு ஞாபகம் இருக்கும், படகுக்கு அடித்து மிஞ்சிய பச்சையில் மஞ்சள் வர்ணத்தைக் கலந்து நம் வீட்டுக்கென்று அவளே உண்டாக்கிய நிறம், இந்தக் கரையில் வேறு எந்த வீட்டுக்கும் கிடையாது. வினைலில் அது இல்லை. ஹெட்லி கொண்டுவந்த மாதிரித் துண்டுகளை மேஜையில் பரப்பி எது வேண்டும் என்று அவளிடமும் கேட்டோம். ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இது வேகவே இல்லையே" என்று சொல்லி ரொட்டி டப்பாவுக்குள் வைத்து மூடிவிட்டாள். ஹெட்லியும் நானும் சிரித்தோம், அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். வெளிர்ச் சாம்பல் நிறத்தில் அழுக்குத் தெரியாது என்று நான்தான் அதைப் போடச் சொன்னேன்.

வேலை நடக்கும்போது சத்தத்தில் மிரளுவாள் என்று அவளைப் பெரியம்மா பெர்னிஸ் வீட்டில் விட்டிருந்தேன். முடிந்ததும் போய் அழைத்துவந்தேன். வண்டியை முற்றத்தில் நிறுத்தினால் இறங்க மாட்டேன் என்கிறாள். "வழி தப்பிட்டே லியாண்டரு, வண்டியத் திருப்பு. யார் வீட்டுலயோ கொண்டாந்து நிறுத்திட்டு முழிக்கிறே பாரு." நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் மழை பிடித்துக்கொள்ள, பின்கதவு வழியாகக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். சமையலறையைச் சுற்றிப் பார்த்தவள் என் காதோடு சொன்னாள்: "நம்ம அடுப்பத் தூக்கிட்டு வந்துட்டாங்க இந்த ஜனங்க. கேட்டுடாதே, வம்பு வேணாம்." கோட்டைக் கழற்றாமலே அன்று முழுக்க நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டொரு நாளில் பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை. தினமும் சாயங்காலம் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பாள், வீட்டுக்குப் போகலாம் என்பாள்.

அன்றைக்குக் காலையில் கடலிலிருந்து மூடுபனி ஏறி எதிர்வீடு தெரியவில்லை. நான் கொட்டகையில் விறகு பிளந்துகொண்டிருந்தேன். திரும்பி வந்தால் கதவு திறந்து கிடக்கிறது, அடுப்பின் மேல் கெட்டில் கொதித்துக்கொண்டிருக்கிறது, ஆள் இல்லை. கூப்பிட்டுக்கொண்டே படகுத்துறை வரை ஓடினேன். அந்தப் பனியில் என் குரல் எனக்கே திரும்பவில்லை ரொவீனா. துறைக்கு அடியில் தண்ணீரைக் குனிந்து பார்த்தேன், அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். தேவாலயத்து மணியை அடித்தார்கள், தீயணைப்புக்கு இருக்கிற நம் ஊர் ஆட்கள் எல்லாரும் கைகோத்து மேடு முழுக்கத் தேடினார்கள். ஹெட்லிதான் கண்டுபிடித்தான். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆளில்லாமல் விட்டுப்போன வீடுகள் இருக்கின்றனவே, அதில் ஒன்றில், பலகை பெயர்ந்து தொங்கும் ஒரு வீட்டின் படியில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். காலில் வீட்டுச் செருப்பு, அதுவும் ஊறி உறைந்து போயிருந்தது. அந்தச் சுவரில் ஏதோ பழைய பச்சை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்ததாம். அவனைப் பார்த்ததும், "சாவிய எங்க வச்சேன்னு தெரியல, அவரு வந்து திறக்கட்டும்னு உக்காந்திருக்கேன்" என்றாளாம். அந்த முரட்டுப் பயல் இதைச் சொல்லும்போது அழுதான். வலது காலில் விரல்களை எடுக்க வேண்டி வந்தது அதனால்தான். இதில் உன் பேரில் ஒரு குற்றமும் இல்லை, வினைல் என்று நீ சொன்னதை நினைத்து அங்கே தனியாக உட்கார்ந்து புழுங்காதே. சுவர் காய்ந்துவிட்டது, பூசணம் போய்விட்டது, இருமலும் நின்றது. அதுவும் உண்மைதான்.

அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ஹெட்லியைக் கூப்பிட்டு, முன்பக்கத்து வினைலைக் கழற்றிவிட்டு மரப்பலகை அடிக்க வேண்டும் என்றேன். "லியாண்டர் மாமா, உமக்கும் சேத்து மறதி வந்துடுச்சா? புதுசப் பிச்சுப் போட்டுட்டுப் பழசு மாதிரி மாட்டுனா ஊரே சிரிக்கும்" என்றான். சிரிக்கட்டும், நீ ஆணியை எடுத்து வா என்றேன். இந்தக் குளிரில் வெளியே வர்ணம் பிடிக்காது என்பதால் பலகைகளைக் கொட்டகைக்குள் அடுக்கி, அங்கேயே அடுப்பு மூட்டி, தரையில் வைத்தே அடித்தேன். எரிப்பதற்குப் போட்ட குவியலில் பழைய பலகை ஒன்று தப்பியிருந்தது, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பச்சையைக் கலந்தேன். முதலில் தவளை நிறம், அப்புறம் கஞ்சி நிறம், கலக்கிக் கலக்கிக் கையெல்லாம் பச்சை. வந்துவிட்டது கடைசியில். ஹெட்லி கூலி வாங்க மாட்டேன் என்றான், வேட்டையில் கிடைத்த மூஸ் மான் இறைச்சியில் பாதியை அவன் வண்டியில் தூக்கிப் போட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை அம்மாவைக் கூட்டி வந்தேன். நல்ல வெயில். கைத்தடியை ஊன்றிக்கொண்டு முற்றத்தில் நின்று வெகு நேரம் பார்த்தாள். "அருமையான வீடு. எங்க வீடும் இதே நிறந்தான். இது யாரோடதுங்க?" என்றாள். 'ங்க' போட்டுக் கேட்டாள் ரொவீனா, என்னை. இத்தனை நாளும் வீட்டைத்தான் தெரியாமல் இருந்தது. நான் வண்டியின் கதவைச் சாத்தினேன். அப்புறம், என்னோடதுதான் அம்மா, வெளியே குளிராக இருக்கிறது, உள்ளே வந்து ஒரு டீ சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். "ஐயோ வேணாங்க, எங்க வீட்டுக்காரரு தேடுவாரு." அவருக்கு நான் சொல்லிக்கொள்கிறேன், எனக்குத் தெரிந்தவர்தான் என்றேன். அதைக் கேட்டதும் முகம் தெளிந்து முன்வாசல் வழியாகவே உள்ளே வந்தாள். கோட்டைக் கழற்றி மாட்டினாள். டீயும் பார்ட்ரிட்ஜ்பெரி ஜாம் தடவிய ரொட்டியும் சாப்பிட்டாள், ராத்திரி இருட்டிவிட்டதால் இங்கேயே தங்கச் சொன்னேன், சரி என்றாள். தினமும் இப்படித்தான் நடக்கிறது. காலையில் நன்றி சொல்லிக் கிளம்புவாள், முற்றத்தில் கொஞ்சம் நடப்போம், பச்சையைப் பார்த்ததும் அவளுக்குப் பயமில்லை, நான் மறுபடி டீக்குக் கூப்பிடுவேன். தன் வீட்டுக்காரரைப் பற்றி நிறையச் சொல்கிறாள். பிடிவாதக்காரராம், ஆனால் ஒரு நாளும் கை நீட்டியதில்லையாம். நேற்று, "உங்கள மாதிரி அவரும் சர்க்கரை ரெண்டு கரண்டி போட்டுக்குவாரு, பாவம், எங்க இருக்காரோ" என்றாள்.

பெரியம்மா முதியோர் இல்லத்தில் விடச் சொல்கிறாள். என் கை காலில் தெம்பு இருக்கும்வரை அந்தப் பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், நீயும் அவள் பக்கம் சேர்ந்துகொள்ளாதே. மற்ற மூன்று பக்கமும் சாம்பல் நிறமாகவே இருக்கிறது, அந்தப் பக்கமாக அவளைக் கூட்டிப் போவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், உள்சட்டை இல்லாமல் வெளியே இறங்காதே. கடவுள் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும், அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருந்த நாட்களில் அவள் கேட்ட வேண்டுதல் எல்லாம் உனக்காகத்தான். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். கிறிஸ்துமஸுக்கு வரும்போது எப்போதும் போலக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து அவளைக் கட்டிக்கொள்ளாதே, மிரண்டுவிடுவாள். முன்வாசலில் நின்று தட்டு, பேரைச் சொல். அவள்தான் வந்து திறப்பாள், விருந்தாளி வந்தால் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். உள்ளே கூப்பிட்டால் வந்து உட்கார்.

உன் அப்பா,
லியாண்டர் க்ளூவெட்