ஆறட்டும் என்று வைத்த பாட்டில்

அன்பு மகள் மிளகுக்கு,

அப்பா எழுதுகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும் நேரத்தில் நீ சளி, இருமல், ஆபீஸ் கவலை எதுவும் இல்லாமல் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நான் சௌக்கியம், அதன் விவரம் கீழே வருகிறது. போனில் நீ ‘அப்புறம்ப்பா?’ என்று கேட்டதும் எனக்குச் சொல்ல நினைத்ததெல்லாம் மறந்துபோகிறது. அதனால் இந்த முறை எழுதப்போவதை முதலிலேயே வரிசை போட்டுவிடுகிறேன். உனக்கு நேரமில்லை என்றால் இரண்டாவதை மட்டும் படித்தால் போதும்.

1. என் உடம்பும் வீடும்.
2. அந்தக் கடற்கரை ஊரில் நாம் குடித்த ஒயினின் பெயர். (நீ கேட்டது.)
3. வீட்டில் இருக்கும் பாட்டிலைத் திறக்க இன்னும் காலம் இருக்கிறது என்பதும், ஆகவே நீ அவசரப்பட்டு வர வேண்டியதில்லை என்பதும்.
4. அம்மா சொன்ன ஒன்று.

முதலாவது. நீ வாங்கி அனுப்பிய ஏழு அறை மாத்திரைப் பெட்டியை ஞாயிறுதோறும் நிரப்பிவிடுகிறேன், ஒரு வேளைகூடத் தவறவில்லை, முட்டிவலி படியேறும்போது மட்டும். சமையலறைக் குழாய் மூன்று வாரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது, பழைய அளவு ஜாடியை அடியில் வைத்துப் பார்த்தேன், மணிக்கு நூற்றிருபது மில்லி, மாலையில் கொஞ்சம் கூடுதல். பிளம்பர் தினமும் ‘நாளைக்குக் காலையில வந்துடறேன் சார்’ என்பார், நானும் தினமும் காலையில் சவரம் செய்து சட்டை மாற்றிக்கொண்டு காத்திருப்பேன். ஒருவழியாக வந்து, ஜாடியையும் நான் எழுதி வைத்த தாளையும் பார்த்துவிட்டு, ‘என்ன சார், சொட்டுக்கெல்லாம் வருகைப் பதிவு எடுக்கறீங்க’ என்று சிரித்தார். பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார். டீ போடட்டுமா என்றேன், இன்னும் நாலு வீடு பாக்கி என்று கிளம்பிவிட்டார். அவர் போனதும் சமையலறையில் மூன்று வாரமாகப் பேசிக்கொண்டிருந்த ஆள் எழுந்து போய்விட்டது போல இருந்தது. ஒருவருக்குச் சமைக்கும் அளவு எனக்கு இன்னும் கைவரவில்லை, குறைத்துப் போட்டாலும் மீந்துவிடுகிறது, மறுநாளும் அதையே சாப்பிடுகிறேன். போன வாரம் ஒரு மாறுதலுக்காக அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அங்கிருந்து பார்த்தால் அடுப்பு மட்டும்தான் தெரிகிறது. இத்தனை வருடமும் ஜன்னல் பக்கத்தை நானே வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன், அவள் ஒரு நாளும் கேட்டதில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது. மூன்று வருடமாக நம் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு மாத்திரை போட்டீங்களா, சாப்பிட்டீங்களா, சரி வெச்சிடறேன் என்ற அளவில்தான் நடக்கிறது, அதைக் குறையாகச் சொல்லவில்லை, நானும் வேறு எதுவும் கேட்பதில்லையே. போன ஞாயிறு நீ வைக்கப்போகும்போது நிறுத்தி, ‘அப்பா, அந்த மீன் கடையில குடிச்சமே, அந்த ஒயின் பேரு என்ன?’ என்று கேட்டாய். எதற்கம்மா என்று கேட்க வாய் வரை வந்தது. பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

உடனே பயண நோட்டை எடுத்தேன். பதினொரு வருடத்துக்கு முன்பு, உனக்கு வேலை கிடைத்த முதல் வருடம், எங்கள் இருவரையும் நீ ரயிலேற்றிக் கூட்டிப்போன அந்த மூன்று நாளும் அதில் இருக்கிறது. ரயில் புறப்பட்டது ஏழு பத்து, சேர்ந்தது இருபது நிமிடம் தாமதம், அறை எண் பதினான்கு, இரண்டாம் நாள் பகல் முழுதும் மழை. சாப்பாட்டுக்கு நேராக ‘மீன், ரொட்டி, சிவப்பு ஒயின் ஒன்று’ என்று எழுதியிருக்கிறேன். பெயர் இல்லை. ரயிலின் தாமதத்தை எழுதியவனுக்கு இது தோன்றவில்லை பார். ஆனால் எழுதாததெல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஆறே மேசை போட்ட கடை, புருஷன் சமையல், பெண்சாதி பரிமாறல், நம் குடை மூன்றையும் அந்த அம்மாள் வாங்கிக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். நீளத் தட்டில் முழு மீனைச் சுட்டு வைத்து, பக்கத்தில் வேகவைத்த உருளைக்கிழங்கும் பாதி எலுமிச்சையும். ‘இது பாத்துக்கிட்டே இருந்தா நான் எப்படிச் சாப்பிடறது’ என்று அம்மா ஒரு உருளைக்கிழங்குத் துண்டால் மீனின் கண்ணை மூடினாள். சின்ன வயதில் தட்டிலிருக்கும் மிளகையெல்லாம் பொறுக்கி ஓரத்தில் அணிவகுத்து வைத்ததால்தான் உனக்கு இந்தப் பெயரே வந்தது, அன்றைக்கு நீயே மிளகுத்தூள் கேட்டாய். ‘பாருங்க, மிளகு மிளகு கேக்குது’ என்றாள் அம்மா.

அந்த அம்மாள் ஒயினைத் திறந்து ஒரு கண்ணாடிக் கூஜாவில் ஊற்றிவிட்டு நம் பாஷை தெரியாததால் இருபது நிமிடம் அப்படியே இருக்கட்டும் என்று சைகை காட்டினாள். கொஞ்ச நேரம் வைக்கணுமாம், அம்மா என்று நீ சொன்னாய். ‘ஆறணுமா?’ என்று அம்மா கூஜாவின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், ‘ஆறறதுக்கு இது சூடாவா இருக்கு?’ நீ கண்ணில் நீர் வரச் சிரித்தாய், ஒன்றும் புரியாமலே கடைக்கார அம்மாளும் சிரித்தாள். முதல் வாய் குடித்ததும் அம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ‘நல்லாவே இல்ல. இன்னும் கொஞ்சம் ஊத்து’ என்றாள். என்னிடம் ருசி எப்படி என்று கேட்டாய், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நகரத்துக் குடிநீர் ஆய்வகத்தில் முப்பத்துநான்கு வருடம் நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை என்று எழுதியே பழகிய கை. ‘இவருக்கு ஒண்ணும் இல்லாம இருந்தாத்தான் பாஸ் மார்க்’ என்று அம்மா அன்றைக்கும் சொன்னாள். கிளம்பும்போது அதே ஒயினில் இன்னொரு பாட்டிலைக் கேட்டு வாங்கி, சால்வையில் சுற்றி, ரயிலில் வழி நெடுக மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள், மிளகு அடுத்த தடவை வீட்டுக்கு வரும்போது திறக்கலாம் என்று.

நீ அதற்குப் பிறகு நான்கு முறை வந்தாய். நான்கு முறையும் நான்தான் தடுத்தேன். வைக்க வைக்கத்தான் ஒயின் நன்றாகும் என்று நூலகப் புத்தகத்தில் படித்திருந்தேன். பாட்டிலைப் படுக்க வைக்க வேண்டும், வெளிச்சம் கூடாது, குளிர்ச்சி வேண்டும் என்றிருந்தது, அதனால் பாத்திரத் தொட்டிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு மாதமும் முதல் தேதி கால் சுற்று திருப்பி வைத்தேன். ஒயின் ஆறட்டும், ஒயின் ஆறட்டும் என்று வீட்டில் அதுவே வழக்கமாகிவிட்டது, பரண் சுத்தம் செய்வதற்கும் பல் டாக்டரிடம் போவதற்கும் அதையேதான் சொல்வோம். அதிகம் சொன்னவன் நான்.

பெயர் பாட்டிலில் இருக்குமே என்று தொட்டிக்குக் கீழே குனிந்து எடுத்தேன். லேபிள் ஊறிக் கஞ்சியாகிக் கையோடு வந்துவிட்டது. குழாயில் சொட்டியதை மில்லி கணக்கில் அளந்தேன், பின்பக்கமாகக் கசிந்தது எங்கே போகிறது என்று குனிந்து பார்க்கவில்லை.

இதுவரை திங்கட்கிழமை எழுதியது. இன்று வியாழன். நேற்றுப் பகல் பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு கடைத்தெருவில் உள்ள ஒயின் கடைக்குப் போனேன். படியிறங்கும்போதே மேல்மாடி டீச்சர் பார்த்துவிட்டு, ‘என்ன அங்கிள், எங்களுக்கெல்லாம் சொல்லாமலே பார்ட்டியா?’ என்றாள், எனக்குக் காது வரை சுட்டது. கடை வாசலை இரண்டு முறை கடந்து போய், மூன்றாவது முறைதான் உள்ளே நுழைந்தேன். கடைக்காரர் நல்ல மனிதர், பாட்டிலின் அடிப்பக்கத்தையும் கார்க்கின் மேல் மூடியையும் பார்த்துவிட்டு, லேபிளில் மிச்சமிருந்த மூன்று எழுத்தையும் சேர்த்து, இது இன்னும் வருதே சார் என்று அடித்தட்டிலிருந்து அதே ஒயினை எடுத்துக் காட்டினார். பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதிய சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன், நீ கேட்டது அதுதான்.

அத்தோடு வந்திருக்கலாம். எத்தனை வருஷமா வெச்சிருக்கீங்க என்றார். பதினொன்று என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். ‘ஐயோ சார், இது வெச்சுக் குடிக்கிற ஒயின் இல்ல, வாங்கிக் குடிக்கிற ஒயின். ரெண்டு வருஷம், மிஞ்சிப்போனா மூணு. எல்லாமே வெச்சா நல்லாயிடும்னு உங்களுக்கு யார் சொன்னா?’ மாதம் ஒரு முறை திருப்பி வைத்தேனே என்று நான் ஏதோ தப்பித்துக்கொள்ளும் பையனைப் போலச் சொன்னேன். ‘திருப்பி வேற போட்டீங்களா? தூங்கற குழந்தையா சார் அது?’ என்று சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டு, கெட்டுத்தான் போயிருக்கும்னு அடிச்சுச் சொல்ல முடியாது, திறந்து பார்த்துடலாமா என்று கார்க் திருகியைக் கையில் எடுத்தார். நான் வேண்டாம் என்று பாட்டிலை இழுத்துக்கொண்டு, ‘வீட்ல ஒரு வார்த்தை கேக்கணும்’ என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது. அதுக்கென்ன சார், மேடத்தைக் கேட்டுட்டே வாங்க என்றார். திருத்திச் சொல்லத் தைரியம் வரவில்லை. அடித்தட்டு ஒயினில் ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

மூன்றாவதைக் கடைசியில் எழுதுகிறேன், நான்காவது இதோடு ஒட்டியிருக்கிறது. அம்மாவுக்கு முதல் பரிசோதனை முடிவு வந்த அன்றே ‘மிளகுக்குச் சொல்லிடுங்க’ என்றாள். ஒரு மாதிரியை வைத்து எதையும் பதிவேட்டில் ஏற்றக் கூடாது, இரண்டாவதும் அதையே சொன்ன பிறகுதான் என்பது என் வேலையில் விதி, அது நல்ல விதிதான், தண்ணீருக்கு. இரண்டாவது வரட்டும், டாக்டர் தீர்மானமாகச் சொல்லட்டும், நீ புது வேலையில் கொஞ்சம் ஊன்றட்டும் என்று ஐந்து வாரம் போக்கினேன். நான் போன் செய்த அன்றே நீ கிளம்பினாய், ஆனாலும் ஒரு நாள் பிந்திவிட்டாய். எல்லாரும் போன பிறகு சமையலறையில் நின்றுகொண்டு, ‘ஆறட்டும் ஆறட்டும்னு சொல்லிச் சொல்லி அம்மாவையே ஆற வெச்சுட்டீங்களேப்பா’ என்றாய். நான் பதில் சொல்லவில்லை. அது கோபம் என்று நீ நினைத்திருக்கலாம். நீ சொன்னது சரி என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். உன் கோபம் தணியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மூன்று வருடம் ஆகிவிட்டது.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம், நான் ஸ்பூனில் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது அம்மா அந்த மீனின் கண்ணை மூடியதைப் பேசினாள், பிறகு, ‘அவ வந்தா அந்த பாட்டிலைத் திறந்துடுங்க, எனக்கு ஒரு வாய் போதும்’ என்றாள். ‘நீ மொதல்ல எழுந்து உட்காரு, அதுக்கென்ன அவசரம், ஆறட்டும்’ என்றேன். அவள் என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு, ‘சூடாவா இருக்கு?’ என்று கேட்டாள். சிரித்தாள், மிளகு. எனக்குத்தான் உடன் சிரிக்கத் தெரியவில்லை.

பழைய பாட்டிலைத் துடைத்து மேசை மேல் வைத்திருக்கிறேன், பக்கத்தில் புதியது. பழையதை நான் தனியாகத் திறக்கப்போவதில்லை, அது அம்மா மடியில் வந்த பாட்டில். கெட்டிருந்தால் தொட்டியில் கொட்டிவிட்டுப் புதியதைக் குடிக்கலாம், குழாய் இப்போது ஒழுகவில்லை. மீன் சுடுவது எப்படி என்று டீச்சரிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். ஜன்னல் பக்கத்து நாற்காலி உனக்கு.

உனக்கு எல்லா நலமும் உண்டாகட்டும், உன் கை தொட்ட வேலையெல்லாம் நன்றாக நடக்கட்டும் என்று அம்மாவுக்கும் சேர்த்து நானே வாழ்த்துகிறேன். பகல் சாப்பாட்டை மேசையில் வேலை பார்த்துக்கொண்டே சாப்பிடாதே. அந்தச் சீட்டைத் தொலைத்துவிடாதே, ஒயினின் பெயரில் ஒரு எழுத்து எனக்கே சந்தேகம், கடைக்காரரிடம் மறுபடி கேட்டுப் போனில் சொல்கிறேன்.

மூன்றாவது பாக்கி. திங்கட்கிழமை அதற்கு ஐந்து காரணம் வைத்திருந்தேன், இப்போது ஒன்றுகூட நிற்கவில்லை. முதல் பக்கத்தைக் கிழித்து வேறு எழுதலாமா என்று பார்த்தேன். ஆனால் எங்கள் பதிவேட்டில் தவறை அழிக்கக் கூடாது, பழையது தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டுக் கையெழுத்திட வேண்டும். கோட்டை நீ போட்டுக்கொள், கையெழுத்தைக் கீழே நான் போடுகிறேன். மூன்றாவதாக எழுதியது தவறு. ஆறுவதற்கு இங்கே எதுவும் சூடாக இல்லை. வா.

உன் அப்பா