பதினான்கு நோயாளிகளும் ஒரு கேப்டனும்

பிப்ரவரி 2, திங்கள்

காலையில் இரண்டு வகுப்பு. மதியம் முதல்வர் அறைக்கு அழைப்பு. பெண்கள் கால்பந்து அணி இறுதிப் போட்டிக்குப் போய்விட்டதாம். பொறுப்பாசிரியை நான் என்பதால் எனக்கு ஒரு பாராட்டு, ஒரு சமோசா. நான் நடத்துவது புள்ளியியல். எங்கள் கல்லூரியில் ஒவ்வொரு குழுவின் காகிதத்திலும் ஓர் ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். நாடகக் குழுவுக்கு வேதியியல்காரர் போடுகிறார்.

பதினெட்டு வருடத்தில் முதல் இறுதிப் போட்டி. அதன் விதிகளை யாரும் படித்ததில்லை. வீட்டில் என் கணவர் ஹரிஷங்கர் படித்தார். இருபத்திரண்டு வருடமாக மத்திய அரசு அலுவலகத்தில் கோப்பு பார்ப்பவர். விதிப் புத்தகம் கிடைத்தால் டிவியை அணைத்துவிடுவார்.

"பதினஞ்சு பேருக்கும் ஃபிட்னஸ் சர்டிபிகேட் வேணும். உங்க காலேஜ் மெடிக்கல் சென்டர்தான் தரணுமாம். பதிமூணாம் தேதிக்குள்ள."

"அதுக்கென்ன, எல்லாரும் நன்னாத்தானே இருக்கா" என்றேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

எல்லாரும் நன்றாக இல்லை.

பயிற்சி முடிந்து பெண்கள் இறங்கி வந்தார்கள். கேப்டன் கவிப்ரியா மட்டும் படிகளில் பின்பக்கமாக இறங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஏணியில் இறங்குவது மாதிரி.

"என்னடி இது?"

"நயா வார்ம்-அப், மேம். புதுசு."

"விளையாடி முடிச்ச அப்புறமா வார்ம்-அப்?"

சிரித்துக்கொண்டே போனாள். வலது முட்டி இடது முட்டியைவிடப் பெரிதாக இருந்தது. இதற்குப் புள்ளியியல் தேவையில்லை.

ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் அணிக்கு ஆள் எடுக்க இறுதிப் போட்டிக்கு இரண்டு பேர் வருகிறார்கள். எடுத்தால் வேலை, நிரந்தர வேலை. கவிப்ரியாவின் அப்பா செல்வராஜ் ஓர் அமைச்சகத்தில் டிரைவர். ஜூனில் ஓய்வு. அதோடு டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் அரசு கொடுத்த குவார்ட்டர்ஸும் போகும். அணியில் இது எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் முட்டியைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

பிப்ரவரி 4, புதன்

கோச் தோமர் சாரிடம் முட்டியைச் சொன்னேன். "மேடம்ஜி, அவ கேப்டன்" என்றார். அது பதிலா?

பிப்ரவரி 5, வியாழன்

பதினைந்து பேரையும் மெடிக்கல் சென்டருக்கு அழைத்துப் போனேன். கவுன்டரில் இருந்தவர் முதல் பெண்ணிடம் என்ன உபாதை என்று கேட்டார்: "க்யா தக்லீஃப் ஹை?"

"எதுவும் இல்லை, அண்ணா."

"பிறகு எதற்கு வந்தாய்?"

நான் முன்னால் போய் விளக்கினேன். இவர்கள் ஆரோக்கியமானவர்கள், அதை டாக்டர் எழுதித் தர வேண்டும். அவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 'உபாதை' என்று ஒரு கட்டம். அது காலியாக இருந்தால் டோக்கன் வராது. டோக்கன் இல்லாமல் டாக்டர் இல்லை. "ஏதாவது சின்னதா சொல்லச் சொல்லுங்க, மேடம்" என்று அவரே இரக்கப்பட்டார்.

அதன்பின் நான் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. பதினைந்து பேரும் தலைவலி என்றால் சந்தேகம் வருமே என்று, பெஞ்சில் உட்கார்ந்து நோய்களைப் பங்கிட்டேன். சீரான பரவல் வேண்டாமா? கோல்கீப்பர் ஸ்நேகாவுக்குத் தலைச்சுற்றல். முன்வரிசையில் ஆடும் பதினோராம் நம்பர் ஜ்யோத்ஸ்னாவுக்கு அரிப்பு. மற்றவர்களுக்கு இருமல், அஜீரணம், கண் எரிச்சல். ஒருத்தி "வேற நல்லதா இல்லையா, மேம்?" என்று பேரம் பேசினாள். கவிப்ரியா தானே கேட்டு வாங்கிக்கொண்டாள்: "எனக்கு முடி கொட்டுறது குடுங்க, மேம்."

ஏன் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. கொடுத்தேன்.

டாக்டர் அம்மா மிக நல்லவர். வந்தவர்களின் வார்த்தையை நம்புகிறவர். தலைச்சுற்றலுக்குக் குதிக்கக் கூடாது என்று எழுதினார். இருமலுக்கு ஓடக் கூடாது. ஜ்யோத்ஸ்னாவின் அரிப்பு தொற்றக்கூடியது, பத்து நாள் யாரும் அருகில் போக வேண்டாம். பதினான்கு பேருக்கும் 'தகுதியில்லை'. முடி கொட்டுகிறவள் மட்டும் கீரை சாப்பிட வேண்டும், விளையாடலாம்.

பிப்ரவரி 6, வெள்ளி

தோமர் சார் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கு ஒரே சந்தோஷம். சான்றிதழ்களைப் படம் எடுத்து எதிரணி கோச்சும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். "நோயாளி டீம்தானேன்னு அசந்து போயிடுவாங்க, மேடம்ஜி."

பிப்ரவரி 9, திங்கள்

டாக்டர் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். எழுதிய நோயைத் தன்னால் அழிக்க முடியாது, குணமாக்கத்தான் முடியும் என்றார். மறுபரிசோதனைக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தேதி. பதினான்கு பேரும் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று விசாரித்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது ஹரி வழி கண்டுபிடித்தார். தகுதியில்லாதவர்கள், பொறுப்பாசிரியை 'என் பொறுப்பில் ஆடுகிறார்' என்று உறுதிமொழி கொடுத்தால் ஆடலாம்.

"அப்ப பதினாலு கையெழுத்து" என்றேன்.

"பதினஞ்சு. ஃபிட்டுன்னு வந்தவளோட சர்டிபிகேட்லயும் நீ கீழ போடணும். 'நானும் நேரில் கண்டேன், உண்மை'ன்னு. அது இல்லேன்னா அந்த சர்டிபிகேட் செல்லாது."

"உறுதிமொழி குடுத்து அவளையும் ஆட விடலாமா?"

"அதெப்படி? அது தகுதியில்லாதவாளுக்குத்தானே. அவதான் தகுதியானவளாச்சே."

பிப்ரவரி 10, செவ்வாய்

கவிப்ரியாவை மாடிப்படியின் மேலே நிறுத்தி, முன்பக்கமாக இறங்கச் சொன்னேன். மூன்று படி இறங்கினாள். நான்காவதில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"டாக்டரே ஃபிட்டுன்னு குடுத்துட்டாங்க. நீங்க மேத்ஸ்தானே, மேம்."

"ஸ்டாட்டிஸ்டிக்ஸ்."

"வோ பீ டாக்டர் நஹீ ஹோத்தா."

அதுவும் டாக்டர் இல்லையாம். சரிதான். நான் யார்? அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "தொண்ணூறு நிமிஷம், மேம். அப்புறம் உடைஞ்சா உடையட்டும். உடையறது என்னோடதுதானே."

இருபது வயதில் எனக்கும் எல்லாம் என்னுடையதாகத்தான் இருந்தது. நாற்பத்தாறில் அது ஒரு சான்றிதழின் கீழே கையெழுத்தாக வந்து நிற்கிறது.

பிப்ரவரி 11, புதன்

செல்வராஜ் வீட்டுக்கே வந்துவிட்டார். சீருடையில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. விருதுநகர்ப் பக்கத்துப் பேச்சு முப்பது வருட டெல்லியிலும் மாறவில்லை. அவருக்குத் தெரியாது, நான் சொல்ல வேண்டியிருக்கும் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"முட்டி வீங்கிக் கெடக்கு டீச்சர். நாந்தான் ஐஸ் வச்சு விடுதேன். ஒரு நாள் தாங்காதா?"

"தாங்கலேன்னா?"

"வேல கெடைச்சுட்டா ஆபீஸ்காரவுகளே வைத்தியம் பாப்பாகல்ல."

காபி குடிக்காமல் போனார். ஹரி கதவைச் சாத்திவிட்டு, "விதிப்படி நீ போட்டாலும் தப்பில்லை, போடலேன்னாலும் தப்பில்லை" என்றார். இருபத்தோரு வருடக் கல்யாணத்தில் இவர் விதியில் விடை இல்லாமல் நின்று பார்த்தது இன்றுதான்.

பிப்ரவரி 12, வியாழன்

பதினான்கு போட்டேன். பதினைந்தாவது காகிதம் மேஜையில் அப்படியே இருக்கிறது.

அப்படியேதான் இருக்கும்.

பிப்ரவரி 13, வெள்ளி

இறுதிப் போட்டி. கவிப்ரியா ஜெர்சி போட்டுக்கொண்டு பெஞ்சின் அந்தக் கோடியில். நான் இந்தக் கோடியில். நடுவில் நான்கு தண்ணீர் பாட்டில்கள்.

அரங்கத்தில் இப்படி அறிவித்தார்கள்: அஜீரணம், இருமல், தலைச்சுற்றல் முதலிய உபாதைகளைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் வீராங்கனைகள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஸ்நேகா தலைசுற்றுகிறவள் மாதிரி நடந்து காட்டினாள். முதல்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பத்து நிமிடத்தில் ஒன்று புரிந்தது. எதிரணிப் பெண்கள் அசரவில்லை, ஆனால் சான்றிதழ்களைப் படித்திருக்கிறார்கள். ஜ்யோத்ஸ்னாவின் பக்கத்தில் ஒருத்தியும் போகவில்லை. அவள் போன இடத்தில் எல்லாம் வழி விட்டார்கள். பந்தோடு வந்தால் இரண்டு கை தூரம் தள்ளி நின்றார்கள். அவளுக்கே கஷ்டமாகி, கையை நீட்டி "குச் நஹீ ஹை, ஒண்ணும் இல்லை" என்று காட்டினாள். நீட்டிய கையைப் பார்த்து இன்னும் விலகினார்கள். ஐம்பத்தெட்டாவது நிமிடம் அவள் கோல் போட்டாள். ஒன்றுக்குப் பூஜ்யம், முடிவும் அதுதான்.

ஆள் எடுக்க வந்தவர்களில் ஒருவர் தோமர் சாரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "பதினோராம் நம்பர் பொண்ணு எப்பவும் ஆள் இல்லாத இடத்தில் நிற்கிறாள். இதைச் சொல்லிக் கொடுக்கவே முடியாது."

கவிப்ரியாவின் காதிலும் விழுந்தது. கோப்பை வாங்கக் கூப்பிட்டபோது பெஞ்சில் அவள் இல்லை.

நான் அவள் காலைக் காப்பாற்றினேனா, அவள் வேலையைத் தூக்கி இன்னொருத்திக்குக் கொடுத்தேனா? இரண்டும்தானோ.

பிப்ரவரி 17, செவ்வாய்

கல்லூரியிலிருந்து விளக்கம் கேட்டு மெமோ. 'தகுதியற்றவர்கள் என்று சான்றளிக்கப்பட்ட பதினான்கு பேரை ஆட அனுமதித்து, தகுதியானவர் என்று சான்றளிக்கப்பட்ட ஒரே மாணவியைத் தடுத்ததற்கான காரணம் யாது?' ஏழு நாளில் பதில் தர வேண்டும்.

கேள்வியில் ஒரு பிழையும் இல்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

செல்வராஜ் போன் செய்தார். வெளியே ஸ்கேன் எடுத்தார்களாம். முட்டியில் தசைநார் பாதிக்கு மேல் கிழிந்திருக்கிறது. ஆபரேஷன். இன்னும் ஒரு தடவை கால் திருகியிருந்தால் முழுசாகப் போயிருக்கும், இப்போது ஒரு வருடத்தில் ஓடலாம் என்று டாக்டர் சொன்னாராம். சொல்லிவிட்டு நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. "குவார்ட்டர்ஸக் காலி பண்ண ஆறு மாசம் தவணை எழுதிக் கேக்கலாம்னு ஒங்க வீட்டு சார் சொன்னாக. கேட்டிருக்கேன்" என்று மட்டும் சொன்னார். ஹரி எப்போது இவரிடம் பேசினார்?

மெமோவுக்குப் பதில் எழுதிவிட்டேன். ஹரி நான்கு பக்க வரைவு வைத்திருந்தார். நான் ஒரே வரிதான் எழுதினேன்: 'அவளுக்கு முட்டி வலி, எனக்குத் தெரியும்.'

மார்ச் 4, புதன்

ஜ்யோத்ஸ்னாவுக்கு வேலை உத்தரவு வந்துவிட்டது. நேரே இனிப்போடு வந்தாள், பாதி அழுதாள்.

மார்ச் 7, சனி

ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள். ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகலாமா என்று மெட்ரோ முழுக்க யோசித்தேன்.

கவிப்ரியா காலைத் தலையணைமேல் வைத்து, மேஜையில் செல்போனைச் சாய்த்து ஏதோ மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன்.

"உங்க மேல இன்னும் கோவமாத்தான் இருக்கேன், மேம்."

"சரி."

"ஜ்யோத்ஸ்னா நேத்து வந்தா. அவ கிட்டயும் கோவம்."

"சரி."

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க. கோல் போஸ்ட் மறைக்குது."

தள்ளி உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் கழித்து, யார் எந்தப் பக்கம் அடிக்கிறார்கள் என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். இடைவேளை முடிந்து, ஆட்டம் முடியும்வரை இருந்தேன்.