எறும்பு வரிசை பார்த்தா நடக்கும்?

நேற்று ஸ்காபரோ பிளாசாவில், மரக்கறிக் கடையில் ஒரு சோளப் பொத்தியை உரித்தேன். நுனியில் பச்சைப் புழு ஒன்று நெளிந்தது. நான் கையை இழுத்துக்கொண்டதைக் கடைக்காரர் பார்த்துவிட்டார்.

"மருந்தடிக்காத சோளம், அக்கா. நல்லது எது எண்டு புழுவுக்கும் தெரியுது!"

நீ இருந்திருந்தால் அவரோடு அரை மணி நேரம் கதைத்திருப்பாய். நான் சோளத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீயும் நானும் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் ஒரே மாடியில் வளர்ந்தோம். ஒரே பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் படித்தோம். பிறகு நீ விவசாயிகளோடு வேலை செய்ய மலாவிக்குப் போனாய், நான் இங்கேயே புள்ளிவிபரத்தோடு தங்கிவிட்டேன். அங்கே சோளக் குருத்தைப் படைப்புழு தின்றுகொண்டிருந்தது. மருந்து வாங்க வசதியில்லாத சிறு விவசாயிகள், எதைச் செய்து பார்ப்பதென்று தாங்களே கூடித் தீர்மானித்தார்கள். குருத்துக்குள் சாம்பல் போடுவது ஒன்று. மீன் கழுவிய தண்ணீரைச் செடியில் தெளித்து எறும்பை வரவழைப்பது இன்னொன்று. வந்த எறும்பு புழுவையும் தூக்கிப்போய்விடும். ஒப்பிட்டுப் பார்க்க, ஒன்றும் செய்யாத பயிரும் வேண்டும்.

அந்த விவசாயிகள் குழுவின் தலைவி எஸ்தர், ஒவ்வொன்றையும் தனித்தனித் தோட்டத்தில், தூரத் தூரமாகச் செய்ய வேண்டும் என்றார். நான் மறுத்தேன். மண் மாறினால் ஒப்பீடு கெட்டுவிடும், மூன்றையும் ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்த வரிசைகளாக வைக்கச் சொல் என்று இங்கிருந்து உனக்கு எழுதினேன். அவர்களும் அப்படியே செய்தார்கள்.

கணக்கு வந்தது. ஒன்றும் செய்யாத வரிசையிலும் புழுச் சேதம் அநேகமாக இல்லை. அங்கேயும் இரகசியமாகத் தெளித்துவிட்டார்கள் என்று முடிவுகட்டினேன். தன் பயிரைப் புழு தின்பதை யார்தான் பார்த்துக்கொண்டிருப்பார்? உதவி தருபவர்களுக்குப் போகும் அறிக்கையில் கையெழுத்திட மறுத்தேன். அது இல்லாவிட்டால் அடுத்த பருவத்துக்கு உதவி நின்றுவிடும், குழுவே கலைந்துபோகலாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், தரவு நம்பத்தக்கதல்ல என்று எழுதினேன்.

நீ தொலைபேசியில் கூப்பிட்டாய்.

"உனக்கென்ன விசரோடி? அவை பொய் சொல்லேல்லை."

"அப்ப புழு எங்கை போச்சுது?"

"எஸ்தர் உன்னட்டை ஒண்டு கேக்கச் சொன்னவ. எறும்பு வரிசை பாத்தோ நடக்கும் எண்டு."

நல்ல கேள்வி என்று அந்தக் கணமே தெரிந்தது: மீன் தண்ணீருக்கு வந்த எறும்பு பக்கத்து வரிசைப் புழுவையும் தூக்கிப்போயிருக்கலாம். ஆனாலும் நான் கையெழுத்திடவில்லை.

உதவி நின்றது. குழு கலையவில்லை. அடுத்த பருவம் எஸ்தர் சொன்னபடி, தூரத் தூரமான தோட்டங்களில், தங்கள் பாட்டில் செய்தார்கள். அறுவடைக்கு முன்பே நோய் உன்னை இங்கே கொண்டுவந்துவிட்டது. அவர்கள் சேதத்தைக் குறித்துவைத்த கொப்பிகள் பின்னால் வந்தன. நீ அவற்றை என் பக்கம் தள்ளினாய். உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தே எண்ணி முடித்தேன். எறும்பு வந்த தோட்டங்களில் சேதம் குறைவு. ஒன்றும் செய்யாத தோட்டங்களில் இலையெல்லாம் சல்லடை.

"என்ரை பிழைதான்," என்றேன்.

நீ கண்ணைத் திறக்கவில்லை. "அதை எனக்கேன் சொல்லுறாய்? அவைக்கு எழுதன்."

எழுதினேன். எண்ணிய கணக்கையும் சேர்த்து அனுப்பினேன். பதில் வந்தபோது நீ இல்லை.

என் மன்னிப்பை எஸ்தர் ஒரே வரியில் முடித்திருந்தார். மீதிக் கடிதம் முழுக்கச் சாம்பலைப் பற்றியது. சாம்பல் போட்ட சில தோட்டங்களில் புழு செத்தது, ஆனால் செடி குட்டையாகவே நின்றுவிட்டது. உங்கள் கணக்கில் அது எங்கே என்று கேட்டிருந்தார். நான்தான் அதை, எண்ணிக்கை போதாது என்று ஒதுக்கி வைத்திருந்தேன். அவர் என்னைவிடப் பெரிய சந்தேகக்காரி. நீ இதை ஒருமுறையாவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

மூன்று கிழமை அந்தக் கொப்பிகளோடு இருந்துவிட்டு எழுதினேன்: "எனக்குத் தெரியாது. எங்கே, எப்படிப் பார்க்கலாம் என்று நீங்கள் சொல்லுங்கள். நான் எண்ணித் தருகிறேன்."

அதற்குப் பிறகு இரண்டு பருவங்கள் போய்விட்டன. அவர்கள் கேட்கிறார்கள், நான் எண்ணுகிறேன். நடுவில் நீ இல்லாததால் கடிதங்கள் நேராக எனக்கே வருகின்றன. எஸ்தர் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார். ஆனால் அவர் கேட்பதெல்லாம் எனக்கு இன்னும் உன் குரலில், எங்கள் தமிழில்தான் கேட்கிறது.