கடைசி மினுக்குப் பொட்டு

லா சப்பல், 12.10.2009

இஞ்சாருங்கோ,

சண்டை முடிந்த மே மாதத்துக்குப் பிறகு நான் எழுதும் ஏழாவது கடிதம் இது; ஒன்றுக்கும் பதில் இல்லை. நீங்கள் முகாமில்தான் இருக்கிறீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன்.

நான் தைக்கும் சேலைக்கடைக்கு, போர்னியோவிலிருந்து வந்த பஞ்சார் இனத்து அம்மா ஒருவர், மகளின் கலியாணத்தில் மணமக்களுக்குப் பின்னால் தொங்கவிடும் திரையைக் கொண்டுவந்தார். மஞ்சள் வெல்வெட்டில் மினுக்குப் பொட்டுகளால் பூவும் கொடியும் தைத்தது. பாதிப் பொட்டுகள் உதிர்ந்துவிட்டன.

"சுமங்கலிக் கைதான் படவேணும். நீயே தை, பிள்ளை," என்று கடைக்காரத் தவநாயகி அக்கா என் மடியில் வைத்தார். அந்த அம்மா அப்படி எதுவும் கேட்கவில்லை. நான் ஓம் என்றுவிட்டேன்.

இப்போது ஊசியைக் கோர்ப்பதும் உருவுவதுமாக இருக்கிறேன். என்னால் அந்தப் பெண்ணுக்கு ஏதும் வந்துவிட்டால்?

அடுத்த மாதக் கடைசிச் சனிக்கிழமை கலியாணம். ஒரேயொரு பொட்டை மட்டும் தைக்காமல் வைத்திருக்கிறேன். அதற்குள் ஒரு வரி போடுங்கோ.

இன்றைக்கும் குங்குமம் வைத்த,
உங்கள் மனைவி