வானத்துக் குத்தகை

பரணை ஒழித்தபோது நம் பழைய டீகோடர் பெட்டி கிடைத்தது, பாய். மூடியைத் திறந்ததும் தூசியோடு கருகிய ஒயர் வாடை. முதலில் நினைவுக்கு வந்தது உங்கள் சந்தேகப் பார்வைதான்.

மன்னார்குடியில் நாம் கூட்டாகக் கேபிள் நடத்தினோம். குவைத்திலிருந்து திரும்பிய கையோடு நீங்கள் டிஷ் வாங்கினீர்கள். நான் மாடி மாடியாக ஏறி ஒயர் இழுத்தேன். ஒரு சேனல் நம்முடையது. ஆற்றில் தண்ணீர் வரும் நாள், நெல் கொள்முதல் தொடங்கும் நாள் எல்லாம் உங்கள் குரலில்தான் வீடுகளுக்குப் போகும்.

வெளிநாட்டுச் சேனல்களுக்கு அரசு கதவைத் திறந்துவிட்ட சமயம் அது. அப்படியொரு கம்பெனியின் ஆள் சென்னையிலிருந்து வந்தார். பெட்டி இலவசம், இங்கிலீஷ் படமெல்லாம் தமிழில் பேசும் என்றார். நம் கேபிள் லைன் கம்பெனி பேருக்கு மாறும், நாம் குத்தகைக்கு எடுத்து நடத்தலாமாம். நீங்கள் அவர் வாங்கித் தந்த டீயைக்கூடத் தொடாமல், ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டினீர்கள்.

"சும்மா குடுக்கிறவரு எதுக்கு இத்தனை பக்கம் எழுதிக் கொண்டாந்திருக்காரு?" என்றீர்கள்.

எனக்கோ குத்தகை என்ற சொல்லே தெம்பாக இருந்தது. அப்பா கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். அவரை யாராலும் கிளப்ப முடிந்ததில்லை. அதைச் சொன்னேன்.

"நிலத்துக்குச் சட்டம் இருக்கு தம்பி. வானத்துல வர்ற படத்துக்கு எந்தத் தாசில்தாருகிட்ட போயி நிப்பே?"

கோபம் வந்துவிட்டது. உங்களுக்குக் குவைத் இருக்கிறது, எனக்கு இது ஒன்றுதான் என்று கத்தினேன். நீங்கள் பேனாவை வாங்கினீர்கள்.

"உனக்காகப் போடுறேன். அந்தாளுக்காக இல்ல."

முதலில் நம் சேனலை எடுத்துவிட்டு அவர்களுடையதைப் போடச் சொன்னார்கள். அடுத்த வருடம் குத்தகை முடிந்தது என்று நோட்டீஸ் வந்தது. காகிதத்தைத் தூக்கிக்கொண்டு நான் நிஜமாகவே தாலுகா ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா வாசித்துவிட்டுச் சிரித்தார்.

என்னை அவர்களே சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். ஐம்பது வயதுக்கு மேல் நீங்கள் மறுபடியும் குவைத்துக்குப் போனீர்கள். அங்கேயே மௌத்தாகி, அங்கேயே அடக்கமும் ஆயிற்று. நான் ஒரு பிடி மண்கூடப் போடவில்லை.

இப்போது எந்தக் காகிதம் வந்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கிறேன். அது உங்களிடம் கற்றது. அதற்கு மேல் ஒன்று நெஞ்சில் கிடக்கிறது. ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்ட நீங்கள், அன்றைக்கு என்னையும் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கலாம், பாய்.