இடதுகால் மருமகன்

லைன்ஸ்மனை ஒருநாளும் நம்பாத என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. கல்லூரி அணியின் சட்டைகள் இந்தக் கோடையிலும் எங்கள் சென்ட் லோரன்ட் வீட்டுப் பால்கனியில்தான் காய்ந்தன. பெனால்டி என்றால் அம்மா இன்னும் முதுகைத் திருப்பிக்கொண்டுதான் நிற்கிறார். அரையிறுதியில் தோற்றோம். ரெஃபரி எதிரணிக் கோச்சுக்கு மச்சான் முறை என்று தம்பி சொல்கிறான். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. எனக்கு உங்கள்மேலேயே ஒரு சந்தேகம். ஆறு வருடமாக இருக்கிறது. நீங்கள் இருக்கும்போது கேட்கத் தைரியம் வரவில்லை.

யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் கோடைதோறும் மொன்றியலில் மோதுகிற உதைபந்தாட்டப் போட்டியின் விதி உங்களுக்குத் தெரியாததா? பழைய மாணவர் ஆடலாம், அவருடைய மகன் ஆடலாம், மருமகன் ஆடலாம். எங்கள் அணியின் ஆட்டக்காரர் பட்டியல் உங்கள் கையில் இருந்தது. எதிரணியில் புது மருமகன் யாராவது இறங்கினால் கலியாண அல்பம் கொண்டுவரச் சொன்ன ஆள் நீங்கள். ஒருமுறை அல்பம் வந்த பிறகும், தாலி கட்டுகிற படத்தில் மாப்பிள்ளையின் முகம் சரியாகத் தெரியவில்லை என்று ஆட்டத்தை அரைமணி நேரம் நிறுத்தி வைத்தீர்கள்.

அப்படிப்பட்டவரிடம்தான் ஒரு தை மாதம் எமிலைப் பற்றிச் சொன்னேன். ஹெயிட்டிக் குடும்பம், இங்கேயே சென்ட் மிஷேலில் பிறந்தவன். நீங்கள் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனீர்கள். பிறகு நாலு மாதம் என்னோடு ஒரு வார்த்தை இல்லை. பக்கத்தில் நான் இருக்க, உப்பைக்கூட அம்மாவிடம்தான் கேட்டீர்கள்.

மே மாதம் எமில் பூங்காவில் சிநேகிதர்களோடு பந்து ஆடியதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தீர்களாம். அடுத்த நாள் காலையில் சம்மதம் சொன்னீர்கள். ஹெயிட்டிக்காரனுக்கா பெண் கொடுப்பது என்று சித்தப்பா பாய்ந்து விழுந்தபோது, "விசர்க்கதை கதையாதை. எங்கட ரீமுக்கு இடதுகாலால அடிக்க ஆளில்லை" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அது அன்றிலிருந்து நெஞ்சில் உறுத்திக்கொண்டே கிடந்தது. நான் அழுததைப் பார்த்து இரங்காத மனிதர், ஒரு இடதுகாலைப் பார்த்து இரங்கிவிட்டார்.

ஜூனில் கலியாணம். அதிலிருந்து ஆறு கோடை, அவன் அடித்த ஒவ்வொரு கோலுக்கும் "என்ர மருமகன்!" என்று கத்தினீர்கள். கோல் விழாத நாட்களில் அவனை எப்படிக் கூப்பிட்டீர்கள் என்றும் கவனித்திருக்கிறேன். வெறும் எமில்.

இந்த அரையிறுதியில் அவனுடைய முழங்கால் போய்விட்டது. இனிப் பந்து ஆடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சோபாவில் காலை நீட்டிப் போட்டபடி அவன் பிரெஞ்சில் கேட்டான், "உன் அப்பா இருந்திருந்தால் இனி என்னை என்னவென்று கூப்பிடுவார்?" நான் ஐஸ் எடுக்கப் போனேன்.

போன ஞாயிறு உங்கள் கூட்டாளி தேவன் மாமா வந்தார். உங்களுக்குப் பிறகு பட்டியல் கோப்பு அவரிடம்தான் இருந்தது. "பிள்ளை, எனக்குக் கண் தெரியுதில்லை. உன்ர அப்பரைப் போல ஆரையும் நம்பாத ஆள் நீதான். இதை நீ வைச்சிரு" என்று மேசையில் வைத்தார்.

அவர் தேத்தண்ணி குடித்து முடிக்கும் முன்பே நான் எமிலின் முதல் வருடத்துப் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். உங்கள் கையெழுத்துத்தான். பெயர்: எமில். உறவு: மருமகன். ஆடும் இடம்: தெரியாது. பந்து ஆடுவானோ எண்டும் தெரியாது. கீழே கையொப்பம், திகதி. மார்ச் மாதம்.

மார்ச், அப்பா. நீங்கள் பூங்காவுக்குப் போவதற்கு இரண்டு மாதம் முன்பு. என்னோடு கதைக்காமல் இருந்த மாதம்.

"இது பேந்து, கலியாணத்துக்குப் பிறகு எழுதினதோ மாமா?" என்று கேட்டேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பக்கத்தில நானெல்லோ சைன் வைச்சிருக்கிறன்! இன்னும் கலியாணமே நடக்கேல்லை, உதென்ன கள்ளப் பதிவு எண்டு நானும் கேட்டனான். 'நடக்கும், நீ சைனை வை' எண்டு என்னை ஏசினவர்."

ஊரார் மருமகன்களுக்கெல்லாம் அல்பம் கேட்டவர், தன் மருமகனை மட்டும் கலியாணத்துக்கு முன்பே பதிந்திருக்கிறார். பிறகு ஏன் மே வரைக்கும் என்னை அழவிட்டீர்கள்? சித்தப்பாவின் வாயை அடைக்க ஒரு காரணம் தேடித்தான் பூங்காவுக்குப் போனீர்களா? என்னிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாமே. உங்களைக் கட்டிப்பிடித்துச் சண்டை போட வேண்டும் போல இருக்கிறது.

'பந்து ஆடுவானோ எண்டும் தெரியாது' என்ற அந்த வரியை எமிலுக்குப் பிரெஞ்சில் சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். பிறகு அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டான்.

கோப்பு இனி என் பொறுப்பு. எதிரணி மருமகன்களிடம் அல்பம் கேட்பேன், வீடியோவும் கேட்பேன். வருகிற மார்ச்சில் எமிலின் பெயரையும் எழுதுவேன். உறவு: மருமகன். ஆடும் இடத்தை வெறுமையாக விடுவேன். ஆட முடியாதவனுக்குப் பட்டியலில் என்ன வேலை என்று யாராவது கேட்டால், உங்கள் பக்கத்தைத் திறந்து காட்டுவேன்.

ஒருவரையும் நம்பாத, இப்போது உங்களை மட்டும் நம்புகிற,
உங்கள் மூத்த மகள்